ஆறாத இஸ்திரிச் சூடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணி அடித்ததும் வாத்தியார் செய்தித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். விடுமுறை நாளில் தேடி வருகிறவர் சும்மா வரமாட்டார் என்பது அவர் கணக்கு. ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி துப்புத் துலக்க, தான் துணை நிற்பது என்று முடிவு செய்து நாளாகிவிட்டது. மனைவியோ நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவளை ஊரே இன்றும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும்.

வந்தவர் கடைத்தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவர். சட்டைக் காலர் கத்தி போல நின்றது. முகம்தான் கசங்கியிருந்தது.

"பொண்ணு கல்யாணத்த நிறுத்திடலாமான்னு பாக்குறேன், சிஸ்டர்."

வாத்தியார் ஓடிப்போய்க் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தார். கடைக்காரர் அதைக் குடிக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பொத்தி வைத்துக்கொண்டு பேசினார்.

பையன் மகள் விரும்பியவன். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறான். தன் தொழிலே தெரிந்த மருமகன் என்று அவருக்கும் வாயெல்லாம் பல்லாக இருந்தது. நேற்று மாலை வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தவன் கை குலுக்கும் வரைக்கும்தான்.

"உள்ளங்கை செக்கச்செவேல்னு அடுப்பு மாதிரி கொதிக்குது! அப்படி இருந்தா ஈரல் கெட்டிருக்குன்னு மருந்துக்கடைக்காரர் சொல்றார். இந்த வயசுல ஈரல் கெட்டா என்ன அர்த்தம்? குடிதான்!"

"இஸ்திரி போடுற கை சூடாத்தானே இருக்கும்?"

"அங்கதான், சிஸ்டர், மாட்டிக்கிட்டான்!" கடைக்காரர் முன்னால் சாய்ந்தார். "தேய்ச்ச துணியில ஈரம் நிக்குதான்னு நாங்க உள்ளங்கைய வச்சு அழுத்திப் பாப்போம். பெட்டி பிடிக்கிறது வலது கை, ஈரம் பாக்குறது இடது கை. சாயங்காலத்துல இடது கைதான் செவந்திருக்கும். இவனுக்குச் செவந்தது வலது கை! என்கிட்டயே கதை விட முடியுமா?"

"அவனோட இடது கை?"

"அத எங்க பாத்தேன்? வலது கையப் பிடிச்சதே போதும்னு ஆயிடுச்சு."

சிஸ்டர் அவர் பிடித்திருந்த தம்ளரையே பார்த்தாள். "நீங்க இப்பவும் இஸ்திரி போடுறீங்களா?"

"எங்கங்க! தோள்பட்டை பிடிச்சுப் பெட்டியத் தொட்டே மூணு வருஷமாச்சு. கல்லாவோட சரி." முதல்முறையாகச் சிரித்தார். "ஆனா பழைய சூடு இன்னும் ஆறல. படுத்தாக்கூட ரெண்டு கையும் தகதகன்னு இருக்கும். நடமாடும் இஸ்திரிப் பெட்டின்னு என் பொண்ணு கிண்டல் பண்ணுவா."

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன்பே இருவரும் ஓட்டலின் சலவைக்கூடத்தில் நின்றார்கள். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணப் பையனைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, சிஸ்டர் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். வாத்தியார் அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். ஏமாற்றம்தான். பையன் வருகைப் பதிவில் வலது கையால் கையெழுத்துப் போட்டதும் மனைவியின் காதைக் கடித்தார்.

"வலது கைக்காரன்! கேஸ் முடிஞ்சுது."

"அவன் மேஜையப் பாருங்க."

"என்ன மேஜை? மத்த மேஜையில எல்லாம் தண்ணி தெளிக்கிற புட்டி இடப்பக்கம், பெட்டி வலப்பக்கம். இவன் மேஜை மட்டும் கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு. வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள் சிஸ்டர்.

அன்று மாலை கடைக்காரரும் மகளும் மாப்பிள்ளையும் சிஸ்டர் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். நடுவே மேஜை, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியும் வாத்தியாரின் கசங்கிய சட்டையும்.

"தம்பி, இதக் கொஞ்சம் தேய்ச்சுக் கொடுங்க."

பையன் யோசிக்காமல் பெட்டியை இடது கையில் எடுத்தான். தேய்த்தான். வலது உள்ளங்கையை வைத்து அழுத்தி ஈரம் பார்த்தான்.

கடைக்காரர் எழுந்துவிட்டார். "ஏம்ப்பா, நீ இடது கைப் பழக்கமா?"

"ஆமா மாமா. எழுதுறத மட்டும் பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்திட்டாங்க. இஸ்திரிப் பெட்டி பிடிச்சப்ப யாரும் அடிக்கல."

"காலையில பாத்தேன். ரெண்டு கையும் சாதாரணமா, குளுகுளுன்னு இருந்துச்சு," என்றாள் சிஸ்டர். "மத்த இஸ்திரிக்காரங்களுக்குச் செவக்கிற கை, குலுக்குற கை இல்ல. இவருக்கு ரெண்டும் ஒரே கையாப் போச்சு."

மகளுக்கு அப்போதுதான் விளங்கியது. "அப்பா! இவரக் குடிகாரன்னா நெனச்சீங்க?"

"திட்டுறத அப்புறம் வச்சுக்கம்மா," என்றாள் சிஸ்டர். "கேஸ் இன்னும் முடியல. ஐயா, உங்க கையக் காட்டுங்க."

"என் கையா?"

சிஸ்டர் அவர் உள்ளங்கையை விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுத்த இடம் மறுபடியும் குப்பென்று சிவந்தது. "படம் வரையிற கண்ணால பாத்துச் சொல்லுங்க," என்றாள் கணவரிடம்.

வாத்தியார் குனிந்தார். சிரிப்பு வரவில்லை. "தம்பிக்கு உள்ளங்கை முழுக்கச் செவப்பு, ஒரே கையில. ஐயாவுக்குக் கட்டைவிரல் அடி மேடும் சுண்டுவிரல் பக்க மேடும் செவப்பு, நடுவுல வெளுப்பு. ரெண்டு கையும் அச்சு வார்த்த மாதிரி."

"இஸ்திரிச் சூடு கொஞ்ச நேரத்துல ஆறிடும். பெட்டியே தொடாதவர் கை, கடை லீவு அன்னிக்கும் எப்படிக் கொதிக்குது? அதான் நேத்து ஜில்லுன்னு தம்ளரப் பிடிச்சுக்கிட்டீங்க."

கடைக்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நான் குடிச்சதே இல்லியே, சிஸ்டர்."

"குடிதான் ஈரலக் கெடுக்கும்னு யார் சொன்னா? கொழுப்பு கெடுக்கும், சர்க்கரை கெடுக்கும், உடம்புல தங்கிப்போன காமாலைக் கிருமி கெடுக்கும். ஈரலே இல்லாம தைராய்டா, மூட்டு வாதமாக்கூட இருக்கலாம். சிலருக்குப் பரம்பரையா சும்மாவே செவந்திருக்கும். கையப் பாத்துச் சந்தேகப்படலாம், தீர்ப்பு சொல்லக் கூடாது. நீங்க பண்ணின தப்பு அதுதான். காலையில ரத்தம் கொடுத்துப் பாத்துடலாம்."

மகள் அப்பாவின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன் மாமா," என்றான் பையன்.

ஈரல்தான். கொழுப்பு படிந்து, தழும்பு விழத் தொடங்கியிருந்தது. நல்ல சமயத்தில் வந்தீர்கள், சொன்னபடி கேட்டால் இதற்குமேல் போகாமல் பிடித்து நிறுத்தலாம் என்றார் டாக்டர். கடைக்காரர் சொன்னபடி கேட்டார். மகள் கேட்க வைத்தாள்.

கல்யாணத்தன்று காலை, மாமனார் போட்டுக்கொள்ளப்போகும் சட்டையை மாப்பிள்ளையே தேய்த்தான். கடைக்காரர் பழக்க தோஷத்தில் ஈரம் பார்க்கக் கையை நீட்டினார். பாதி வழியில் நிறுத்திக்கொண்டார்.

"என் கை பொய்ச்சாட்சி சொல்லும்ப்பா," என்றார். "நீயே வச்சுப் பாரு. உன் வலது கைய."