தென் துருவத்தில் முதல் கரண்டி

ஆயிரத்து நூறு கிலோமீட்டர் பனியில் சறுக்கு வண்டி இழுத்து, நாற்பத்தைந்தே நாளில் தென் துருவத்தைத் தொட வேண்டும்! மூன்று பேர் துணிந்து கிளம்பினார்கள். தலைவர் ஃபெலிக்ஸ், நாகர்கோவில் மருத்துவர். வழி பார்ப்பவன் காயல்பட்டினத்து அன்வர். சாப்பாட்டுப் பொறுப்பு கோவில்பட்டி மாரிச்செல்விக்கு.

அந்தக் குளிரில் வண்டி இழுக்கும் உடம்பு ஒரு நாளைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு கலோரியை எரித்துத் தள்ளும். சுமந்து போக முடிவதோ ஐயாயிரத்து ஐந்நூறுதான். மீதியை உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். செல்விக்கு இதெல்லாம் அத்துப்படி. நெய் மிதக்கும் ஓட்ஸ் கஞ்சி, முந்திரி, கடலை மிட்டாய் என்று கிராம் சுத்தமாக நிறுத்துக் கட்டினாள். எடையை மிச்சம் பிடிக்க மூவர் பங்கையும் ஒரே பையில் போட்டாள். கெட்டிக்காரிதான், ஆனால் கரண்டி தன் கையில் இருக்கப்போகிறது என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அவள் வீட்டில் பரிமாறுகிறவர் கடைசியில்தான் சாப்பிடுவார். அந்தப் பழக்கம் பனிக்கண்டம் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. கூடாரத்தில் ஃபெலிக்ஸ் அண்ணனுக்கு ஒரு கரண்டி கூட, அன்வர் தம்பிக்கு ஒரு கரண்டி கூட என்று ஊற்றிவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட்டாள். போதுமா என்று கேட்டால் போதும் என்பாள். கால்சட்டை நழுவியது, பெல்ட்டில் கத்தியால் புதுத் துளை போட்டுக்கொண்டாள். உள்ளூர அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முப்பத்திரண்டாம் நாள் ஒரு பனிமேட்டில் ஏறும்போது வண்டி பின்னுக்கு இழுத்தது. செல்விக்குக் கால் ஊன்ற வலுவில்லை. வண்டியோடு சேர்ந்து இருபது அடி உருண்டாள்! அன்வர் சறுக்கிக்கொண்டே போய்க் கயிற்றைப் பிடித்து நிறுத்தினான். அவளுக்கு நாக்குக் குழறியது. கையுறையைக்கூட மாட்ட முடியவில்லை.

கூடாரத்தில் ஃபெலிக்ஸ் அவள் பெல்ட்டைப் பார்த்தார். ஐந்து புதுத் துளைகள். தன் பெல்ட்டையும் தொட்டுப் பார்த்தார். கிளம்பிய அன்று மாட்டிய அதே துளை.

"எனக்கு இந்நேரம் எட்டு கிலோ குறைஞ்சிருக்கணும் செல்வி. குறையல. அப்போ யாரோட சோறு என் வயித்துல கிடக்கு?"

மீட்பு விமானத்தை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள் என்று செல்வி கெஞ்சினாள். கூப்பிட்டால் மூவரின் பயணமும் அங்கேயே முடிந்துவிடும். ஃபெலிக்ஸ் மூன்று நாள் அவகாசம் கொடுத்தார். அதற்குள் அவள் எழுந்து நடக்காவிட்டால் விமானம்தான். அவசரத்துக்கு வைத்திருந்த உணவுப் பையைப் பிரித்தார். கரண்டியை அன்வர் பிடுங்கிக்கொண்டான்.

"நீங்க முதல்ல சாப்புடுங்கக்கா. அதுவரைக்கும் நாங்க தொட மாட்டோம்."

இரண்டு ஆண்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, முதல் ஆளாகச் சாப்பிடுவது அவளுக்கு மலையேறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. அள்ளி அள்ளி விழுங்கினாள். மூன்றாம் நாள் காலை வண்டியின் கயிற்றைத் தானே இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் முதல் கரண்டி அவளுக்குத்தான். புயல் அடித்தது, மூக்கு நுனி கறுத்தது, ஆனால் நடை நிற்கவில்லை. நாற்பத்தைந்தாம் நாள், கடைசிப் பத்துக் கிலோமீட்டரும் செல்வியே முன்னால் நடந்து தடம் போட்டாள். துருவத்துக் கொடிகள் கண்ணில் பட்டன. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கூத்தாடினார்கள். ஜெயித்துவிட்டார்கள்!

செயற்கைக்கோள் போனில் செல்வி அம்மாவைக் கூப்பிட்டாள். துருவத்தைத் தொட்டுவிட்டேன் என்றதும் அம்மா அழுதார், சிரித்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"சாப்ட்டேம்மா. நீ?"

"அப்பா வரட்டும்னு இருக்கேன்."

"எனக்கு இங்க குளிர்ல ரொம்ப நேரம் நிக்க முடியாது. நீ முதல்ல தட்டு போட்டு உக்காரு. நீ ஒரு வாய் சாப்ட்டாத்தான் போனை வைப்பேன்."

கோவில்பட்டியில் தட்டு வைக்கும் சத்தம் தென் துருவத்தில் கேட்டது.