டார்ச் அடித்தால் தெரியும் படம்

டிவிக்குள் ஒரு பெண் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பைக் குறைக்கச் சொன்னாள், கரண்டியை வாணலி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள், யாரோ கைதட்டினார்கள். திரையில் மட்டும் வெங்காயமும் இல்லை, பெண்ணும் இல்லை, வெறும் கறுப்பு. மூன்று வாரமாக அந்த வீட்டில் டிவியை இப்படிக் காதால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பழகிவிட்டது. ஆனால் அதை ஓடவிட்டுவிட்டு அக்கா வெளியே போனது இன்றுதான் முதல் தடவை. பாத்ரூம் போனால்கூடப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிதான். ஆனாலும் மழை மூட்டத்தில் ஹாலே மங்கிக் கிடந்தது. ஜன்னல் திரைகளை வேறு அக்கா இழுத்து மூடியிருந்தாள். பின்மூடி கழற்றிய டிவியிலிருந்து சூடேறிய தூசி வாசம் வந்தது. ஈயம் உருகிய வாசமும், அதற்கு அடியில் லேசாகப் பவுடர் வாசமும் வந்தன. கழற்றிய ஸ்க்ரூக்கள் ஒரு டப்பா மூடியில் வரிசையாக இருந்தன. அக்காவுக்கு எதிலும் வரிசை உண்டு.

புதுசு வாங்கிவிடலாம் என்று சின்னவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. "நல்லா இருக்கறத ஏன்டி தூக்கிப் போடணும்? விளக்குதான் போயிருக்கு. வெளிய எவன் கையிலயும் குடுக்க வேணாம், நானே பாத்துக்கறேன்" என்று அக்கா முடித்துவிட்டாள். சொல்லக்கூடியவள்தான். சார்ஜர் கம்பெனியில் பத்து வருஷம் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பிடித்த கை. அம்மா படுக்கையில் விழுந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு, இதே ஹாலில், இதே டிவிக்கு எதிரே போட்ட கட்டிலில், கண்மூடும்வரை இரண்டு வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். இப்படி ஒரு பெண் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். எல்லாரையும் விட அதிகமாகச் சொன்னவள் சின்னவள். கண்ணாடிக் கடையில் யார் பவருக்கு எந்த லென்ஸ் என்று நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் அக்கா இருக்கிறாள் என்பதுதான் நிம்மதி. உலகத்தில் அவளுக்கு இருந்ததும் அந்த ஒருத்திதான்.

மேஜையில் போன் அடித்தது. அக்காவின் போன். அவசரத்தில் அதையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஸ்பேர் கடைலேர்ந்து பேசறேன். அக்கா கிளம்பிட்டாங்களா?"

"இப்பதான் போனாங்க. நான் தங்கச்சி."

"நல்லதாப் போச்சு. ஒரு வேலை பண்ணுங்கம்மா. டிவி ஓடுதுல்ல? திரைகிட்ட டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. லைட்டுதான் போயிருந்தா படம் மங்கலா உள்ள தெரியும். தெரியலைன்னா முன்னாடி கண்ணாடிப் பேனலே போச்சு, லைட்டுப் பட்டை வாங்கி மாட்டறது தண்டம்."

"அக்கா பாத்திருப்பாங்களே?"

அவர் சிரித்தார். "அதான் எனக்குப் புரியல. யாரா இருந்தாலும் மொதல்ல அதத்தான் பண்ணுவாங்க. நானும் நாலு தடவ சொல்லிட்டேன், அதெல்லாம் பாக்க வேணாம்னு ஒரே புடியா நிக்கறாங்க. நீங்களாவது பாத்துச் சொல்லுங்க."

சின்னவள் டார்ச்சை எடுத்து, திரைக்கு முன்னால் மண்டியிட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தாள். முதலில் தூசி தெரிந்தது. அப்புறம் தூசிக்கு உள்ளே, ஆழத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. படம் இருக்கிறது. அப்பாடா என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சமையல்காரியின் முகத்தைத் தேடி வெளிச்சத்தை நகர்த்தினாள். சமையல்காரி இல்லை. ஒரு ஜன்னல் இருந்தது. மூடிய ஜன்னல் திரை. அதன் கரையில் ஓடிய கட்டம் போட்ட தையல், அவளே மிஷினில் ஓட்டிய தையல்.

டார்ச்சை இறக்கினாள். ஒரு கட்டிலின் கம்பி. தலைமாட்டில் தண்ணீர் பாட்டில். அம்மா.

டிவி இருந்த இடத்திலிருந்து பார்த்தால் ஹால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. இப்போது சோபா கிடக்கிற இடத்தில் அந்தக் கட்டில். அம்மா இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, திரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "இப்ப கொஞ்சம் உப்பு" என்றது டிவி.

போனில் கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "படம் தெரியுதாம்மா?"

"தெரியுது" என்றாள்.

படத்துக்குள் அக்கா வந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே வந்தாள். அம்மாவின் தலையை ஒரு கையால் தூக்கி, மறு கையால் தலையணையை உருவினாள். தலையை மெல்ல இறக்கினாள். உறை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தட்டுத் தட்டி, அதை அம்மாவின் முகத்தின்மேல் வைத்தாள். இரண்டு கையையும் ஊன்றினாள். பேச்சை நிறுத்தவில்லை.

சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது, யாருடன் பேசுகிறாள் என்று.

அந்த வியாழக்கிழமை மதியம் கடையில் ஆளே இல்லை. தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணாடியைக் காணோம் என்று கடை முழுக்கத் தேடவைத்த ஒரு பெரியவரைப் பற்றி அக்காவிடம் சொல்லத்தான் போன் போட்டாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா என்ன பண்றாங்க என்று கேட்டதற்கு, டிவி பாத்துட்டு இருக்காங்க என்றாள். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று தகவல் வந்தது அன்று சாயங்காலம்.

திரைக்குள் அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். சிரிப்பு முற்றினால் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஒரு கையை மட்டும் எடுத்துத் துடைத்தாள். மறுபடி ஊன்றினாள். போர்வைக்கு அடியில் அம்மாவின் கால் ஒருமுறை நீண்டது.

நான்தான் சிரிக்க வைத்தேன். அவள் மனதில் இது ஒன்றுதான் ஓடியது. பாவி, என் அம்மாவைக் கொன்றுகொண்டே என் கதையைக் கேட்டிருக்கிறாய். 'அப்புறம் என்னாச்சு?' என்றுகூடக் கேட்டாயே.

எவ்வளவு நேரம் அப்படியே மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, போன் எப்போது கட் ஆனதோ தெரியவில்லை. வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஈரச் செருப்பு. பை கசங்கும் ஒலி. பிறகு ஒன்றுமில்லை. அவள் திரும்பவில்லை.

"பாத்துட்டியா, கொசு?" என்றாள் அக்கா. கொசு என்பது செல்லப் பெயர். சின்ன வயதில் இவள் அக்காவின் காதருகே ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாளாம்.

"அம்மா கேட்டாங்களா? வலி தாங்காம, அவங்களே..."

அதற்காவது ஆமாம் என்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"கேக்கல."

அக்கா பையிலிருந்து நீளமான அட்டைப் பொட்டலத்தை எடுத்து, ஈரம் படாமல் பிரித்தாள். உள்ளே ஸ்கேல் மாதிரி மெல்லிய விளக்குப் பட்டைகள். "நீ ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாத்த. மீதி ஆறு நாள் நான் பாத்தேன். அன்னிக்கு எனக்கு அவ்ளோதான் முடிஞ்சுது."

"இத ஏன் வச்சிருக்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? வித்தா வேற எவனாவது டார்ச் அடிப்பான். ஒடச்சுடலாம்னு சுத்தியலத் தூக்கினேன். அம்மா உள்ள கண்ண மூடிக்கிட்டாங்க. ரெண்டாந்தரம் என்னால முடியல." அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். பாதி வாக்கியத்தில் சமையல்காரியின் குரல் நின்றது. "வெளிச்சம் வந்துட்டா அவங்க தெரிய மாட்டாங்க. லைட்டு போறதுக்கு முன்னால தெரிஞ்சாங்களா? இல்லல்ல. வா, அந்தப் பக்கம் புடி. பேனல ஒரு ஆளா தூக்கினா விரிசல் விட்டுடும்."

இதற்கு மட்டும்தான் அக்காவுக்கு இவள் வேண்டியிருந்திருக்கிறாள். இரண்டாவது ஜோடிக் கைக்காக. கொன்ற கை எதிர்ப்பக்கம் பிடித்திருக்க, சின்னவள் இந்தப் பக்கம் பிடித்தாள். ஓடியிருக்கலாம். கண்ணாடியைத் தரையில் போட்டு உடைத்திருக்கலாம். அக்கா சொன்னதைச் செய்துதான் அவளுக்குப் பழக்கம். கை தானாகப் பிடித்துக்கொண்டது.

அக்கா பழைய பட்டைகளை உரித்து எடுத்தாள், புதியதை ஒட்டினாள், ஒயர்களைப் பற்றவைத்தாள், வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒரு மணி நேரத்தில் அவள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அம்மாவுக்குப் பூசிவிடுகிற அந்தப் பவுடர் வாசம் இப்போது ஈய வாசத்தை மீறிக்கொண்டு வந்தது, கூடவே கட்டிலில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டின் வாசமும். அக்காவும் மூக்கை உறிஞ்சினாள்.

டிவியை நிமிர்த்தி வைத்தார்கள். அக்கா அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். "ஸ்விட்ச்சப் போடு."

சின்னவள் சுவரோரம் போய்ப் போட்டாள். விரலை எடுக்கவில்லை.

வெளிச்சம் வந்தது. பளிச்சென்று, கண் கூசுகிற மாதிரி, எல்லா நிறமும் வந்தது. ஜன்னல் திரையின் நீலம் வந்தது. கட்டிலின் துரு வந்தது. கட்டிலில் யாரும் இல்லை.

போர்வை ஒதுக்கி விடப்பட்டிருந்தது. படத்தின் முன்பக்கத்தில் அக்காவே தெரிந்தாள், இன்றைய ஈரத் தலையோடு, வாயைப் பிளந்து திரையைப் பார்த்தபடி. அவளுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். இரண்டு வருஷமாக எழுந்து நிற்காத அம்மா. கையில் தலையணை.

சின்னவள் ஹாலைப் பார்த்தாள். அக்காவின் பின்னால் யாருமில்லை. திரையைப் பார்த்தாள்.

அம்மா குனிந்தாள்.

அக்காவின் சத்தம் பாதியில் அமுங்கியது. தலை பின்னால் சாய்ந்தது. சாய்க்கப்பட்டது. மல்லாந்தாள். ஹாலில், அவள் முகத்தின்மேல் வெறும் காற்று. மூக்கு மட்டும் தட்டையாகிக்கொண்டே போனது. உதடு பல்லோடு நசுங்கியது. குதிகால் தரையை உதைத்தது. ஸ்க்ரூக்கள் சிதறி ஓடின. ஒரு கை சின்னவளை நோக்கி நீண்டது.

ஸ்விட்ச் விரலுக்கு அடியில்தான் இருந்தது. ஒரு அழுத்து. அணைந்துவிடும்.

"அக்கா" என்றாள். அந்தக் கை விரிந்தது, மூடியது. அந்தக் கை ஊட்டிவிட்டிருக்கிறது, தலை பின்னிவிட்டிருக்கிறது. அந்தக் கை.

அவள் அழுத்தாமலே விரலை எடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் குதிகால் சத்தம் நின்றது. திரைக்குள் அம்மா தலையணையை அக்காவின் தலைக்கு அடியில் வைத்தாள், கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நடந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மெதுவாகச் சாய்ந்து, போர்வையை இழுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

சின்னவளையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே, சுவர்ப்பக்கம் நகர்ந்து படுத்து, இன்னொருத்தி படுக்கிற அளவுக்கு இடம் விட்டாள்.