வெறும் அறையின் படம்

ஆராய்ச்சி நிலையத்தின் நியூட்ரான் கூடத்துக்கு அவள் வந்து சேர்ந்தது மதியச் சாப்பாட்டு நேரம். ஆள் நடமாட்டமே இல்லை. உயரமான கூரை, தடித்த சிமென்ட் சுவர்கள், எங்கோ ஓயாமல் இரையும் பம்பு, சூடேறிய ஒயரின் வாடை. அவள் கணவன் அங்கே டெக்னீஷியன். நியூட்ரான் கற்றை ஒரு பொருளில் பட்டுச் சிதறுவதைப் படமாக்கிக் காட்ட மென்பொருள் வேண்டும் என்றபோது, "என் வொய்ஃப் எழுதுவா" என்று வாக்குக் கொடுத்தவனும் அவனே. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி முடித்திருந்தாள். அன்று மாலை கூடத்தின் தலைவருக்குக் காட்ட வேண்டும். தலைவருக்கு எதுவும் உடனே நடந்தாக வேண்டும் என்பதால் அவருக்குப் பெயரே 'உடனே சார்'.

வழக்கப்படி முதலில், கற்றை பாயும் வெறும் அறையைப் படம் எடுத்தார்கள். பொருளே வைக்காதபோது தெரிவதெல்லாம் வேண்டாத பின்னணி. அதைக் கழித்துவிட வேண்டும். கற்றை பட்டால் ஆபத்து என்பதால், கதவை மூடுமுன் உள்ளே போய் மூலைமுடுக்கெல்லாம் தேடி, ஆள் இல்லை என்று உறுதிசெய்து பொத்தானை அழுத்துவது கணவனின் வேலை. அழுத்திவிட்டு வந்து பூட்டினான். கற்றை திறந்தது.

திரையில் புள்ளிகள் மெல்லக் கூடின.

மூலையில் ஒரு தலை. தோள். தொங்கும் கைகள்.

அவள் திரைக்கு அருகே குனிந்தாள். நியூட்ரானுக்கு இரும்பைவிடத் தண்ணீர்தான் பளிச்சென்று தெரியும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"நான்தானே தேடினேன். ஈ காக்கா இல்ல. உன் புரோகிராம்லதான் கோளாறு" என்றான். இருந்தாலும் கற்றையை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தான். யாரும் இல்லை.

மறுபடி எடுத்தார்கள். உருவம் அறையின் நடுவில் நின்றது.

அந்த நேரம் பார்த்து 'உடனே சாரின்' ஃபோன். "என்னம்மா, ரெடியா? இன்னைக்கு ஓடலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

பயத்தை விழுங்கிக்கொண்டு அவள் ஒரு காரியம் செய்தாள். தண்ணீர்போலத் தெரியும் எதையும் படத்திலிருந்து துடைத்துவிடும்படி நாலைந்து வரி எழுதிச் சேர்த்தாள். அடுத்த படம் கழுவிவிட்டாற்போல் வந்தது.

"அப்பாடா" என்று கணவன் கற்றையை நிறுத்திவிட்டு, ஆராய வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதிதாகச் சேர்த்த வரிகளை நீக்கிவிட்டு, கடைசியாக எடுத்த அதே படத்தைத் திறந்தாள்.

உருவம் கதவருகே நின்றது.

கதவை ஒட்டி. உட்பக்கம்.

அவன் இப்போது உள்ளே இருக்கிறான்.

அறைக்குள் கேட்கும் மைக்கைப் பிடித்துக் கத்தத்தான் நினைத்தாள், கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "ஏங்க... வந்துடுங்க... வெளிய வந்துடுங்க..."

பம்பு மட்டும் இரைந்தது.

பிறகு கதவு நகர்ந்து அவன் வந்தான். தனியாகத்தான் வந்தான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வேலை கைவிட்டுப் போகக்கூடாது என்று, அவனைக் கண்ணைக் கட்டி அல்லவா உள்ளே அனுப்பினாள்!

அழுகை ஓய்ந்ததும், எதையும் துடைக்காமல் இன்னொரு படம் எடுத்தார்கள். வைத்த பொருள் மட்டும் தெரிந்தது. அறை முழுக்கக் காலி.

"பாத்தியா? போயே போச்சு. வா, டீ குடிச்சிட்டு வரலாம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கூடத்தை விட்டு வெளியேறுகிறவர்கள் வாசலில் ஒரு கூண்டுக்குள் நிற்க வேண்டும். உடம்பில் கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று அது சோதிக்கும். முதலில் அவள் நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. வெளியே வந்து அவனுக்காகத் திரும்பி நின்றாள்.

அவன் உள்ளே ஏறினான். விளக்கு எரியவில்லை.

பதிவு செய்து வைத்த பெண்குரல் மரியாதையாகச் சொன்னது: "தயவுசெய்து ஒருவர் மட்டும் நிற்கவும்."