நாற்பத்தோரு திருத்தங்கள்

காலை ஏழு மணிக்கு மெட்ரோனோம் பறந்து வந்தது.

டிக்... டிக்... என்று தாளத்துக்குக் கை ஆட்டும் அந்த மரப்பெட்டி, அவள் காதோரம் உரசிச் சுவரில் மோதிச் சிதறியது. அதே நொடியில் வாசலில் அழைப்புமணி கிணிங்... கிணிங்... என்று கூவியது. அதை வீசிய அவள் கணவர் மணிச் சத்தத்துக்குத் திரும்பவே இல்லை.

ஊரே அவரைப் புரொபசர் என்றுதான் கூப்பிடும். இசைக் கல்லூரியில் இருபது வருட வாத்தியார். நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கிற பெரிய படைப்புகளை எழுதுகிறவர். அவர் பென்சிலில் கிறுக்குவதை மையில் நகலெடுத்து, ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தாளாகப் பிரிப்பது அவள் வேலை. கல்யாணமான மறுவாரம் பிடித்த பேனா.

இன்றைக்குத்தான் முதன்முறையாக அவர் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தார்.

"நாப்பத்தோரு இடம்! நான் 'உரக்க'ன்னு போட்டா நீ 'மெதுவா'ன்னு எழுதுற. நான் மேல வச்ச சுரத்தை நீ கீழ இறக்குற. யாருடி நீ என் பாட்டுல கை வைக்க?"

சோபாவில் இருந்த அவர் அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் அன்னிக்கே சொன்னேன்டா தம்பி. நகலெடுக்க உட்கார வச்சா, இவ நாற்காலியையே எடுத்துக்கிட்டா!"

"அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க..."

"அவங்களை ஏன் அடக்குற? எனக்குப் பதில் சொல்லு! ஏன் மாத்தின?"



எப்படிச் சொல்வாள்? வருடா வருடம் முதல் வகுப்பில் பியானோவின் நடுக்கட்டையைத் தட்டி, என்ன சுரம் என்று சொல்லத் தெரியாதவனை, 'காது செத்தவனுக்கு இங்க என்ன வேலை?' என்று விரட்டுகிறவர் அவர். இதே ஐந்தாவது மாடி ஜன்னலில் நின்று, 'எனக்கு அந்த நிலைமை வந்தா குதிச்சிருவேன்' என்று சிரிக்காமல் சொன்னவர். வாசல் மணி மாதிரி உச்சத்தில் ஒலிக்கிற எதுவும் அவருக்குக் கேட்காமல் போய் நாலு வருடம் ஆயிற்று. அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"தப்பு என்னுதுதான்..." என்றாள். கட்டைகளின் மேல் கிடந்த தாள்களைப் பொறுக்கக் கை நீட்டினாள்.

அவர் பியானோ மூடியை ஓங்கி அறைந்தார்.

அவள் விரல் எலும்பு முறிந்த அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டது. முகம் வெளுத்தது. ஆனாலும் கோபம் விடவில்லை. அவள் மையில் எழுதியதைக் கிழித்தெறிந்துவிட்டுப் பென்சில் தாளோடு ஒத்திகைக்குக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அவர் பின்னாலேயே ஓடினாள் அவள். கையில் ஈரத்துணி. 'இன்னிக்குத் தெரிஞ்சிடும்... தெரிஞ்சா...'

ஒத்திகைக் கூடம் மூன்றாவது மாடி. சின்னப் புல்லாங்குழல் வாசிப்பது அவர்கள் மகள் சிட்டு.

"அம்மா எழுதின தாள் எங்கப்பா?"

"இதை வாசி!"

வாசித்தாள். காதுக்குள் ஊசியை இறக்கினாற்போல் ஒரு வீறல்! வயலின்காரர்கள் வில்லைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார்கள்.

"தூங்குறியா? ஊது! இன்னும் சத்தமா!" தாளம் காட்டும் அவர் கைக்கோல் மேஜையில் பட்டு இரண்டாக ஒடிந்தது.

"சார்... என் பல்லே கூசுது சார்" என்றார் முரசுக்காரர்.

புரொபசர் பாய்ந்து வந்து குழலை மகளின் வாயோடு வைத்து அழுத்தினார். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"ஊதிக்கிட்டுதானே இருக்கேன்!" சிட்டு அலறினாள். "அப்பா... உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் பென்சில் தாளைப் பார்த்தார். கடைசி வரிசையில் துணி சுற்றிய கையோடு நின்ற மனைவியைப் பார்த்தார். நாற்பத்தோரு இடங்கள்... எல்லாமே அவருக்குக் கேட்காத உச்ச சுரங்கள்!

ஜன்னலை நோக்கி ஓடினார். ஒரு கால் வெளியே போய்விட்டது. அவள் பாய்ந்து வந்து அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தாள், உடைந்த விரல்களாலேயே.

"விடு! காது செத்தவன் நான்... விடுடி!"

நல்ல கையால் பளாரென்று ஒரு அறை விட்டாள். இருபத்தாறு வருடத்தில் முதல் அறை.

"இதுக்கா நாலு வருஷம் பொத்திப் பொத்தி வச்சேன்? இந்த விரலுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் குதிங்க!"

அவர் அவள் காலடியில் சரிந்தார். வாய்விட்டு அழுதார்.

அவள் குனியவில்லை. "சிட்டு, வாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

மகள் தனியே குடியிருந்த ஒற்றை அறையிலேயே அவள் தங்கிவிட்டாள். ஆறு வாரம் கழித்து, கட்டுப் பிரித்த கையோடு தன் துணிமணிகளை எடுக்க வீட்டுக்கு வந்தாள். மணியை அழுத்த விரலைத் தூக்கினாள்.

கதவு திறந்தே கிடந்தது.

"வந்துட்டியா, தாயே..." அண்ணியின் குரல் தழுதழுத்தது. "ஆறு வாரமா சாத்த விடமாட்டேங்கிறான். கொசு என்னையே தூக்கிட்டுப் போகுது! 'மணி அடிச்சா எனக்குக் கேக்காதுக்கா, அவ வந்துட்டுத் திரும்பிப் போயிடுவா'ங்கிறான்... நானும்தான் பாவி, எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தினேன்..."

வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். தாடி. மெலிந்த முகம். அவருக்குப் பின்னால் பியானோ, மூடி கழற்றப்பட்டு மொட்டையாக நின்றது.

"வகுப்புல... பசங்க முன்னாடி சொல்லிட்டேன்" என்றார், எழுந்து. "எனக்கு மேல் சுரமெல்லாம் கேக்காதுன்னு. நான் விரட்டினவங்களுக்கெல்லாம் கடிதாசி போட்டேன். உனக்கு மட்டும்... என்ன எழுதுறதுன்னு தெரியல..."

அவள் பியானோ முன் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. கேட்டா கையைத் தூக்குங்க."

விறைத்த விரலால் நடுக்கட்டையிலிருந்து மேலே ஒவ்வொன்றாகத் தட்டினாள். கை தூக்கினார்... தூக்கினார்... ஒரு இடத்தில் கை எழவில்லை. மறுபடி தட்டினாள். அவர் முதுகு குலுங்கியது.

அந்தக் கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"இதுவரைக்கும் நீங்க எழுதுங்க. இதுக்கு மேல நான். கையெழுத்து மட்டுமில்ல, பேரும் என்னுது" என்றாள். "இன்னொரு தடவை கை ஓங்கினா, கதவு திறந்துதான் இருக்கு."

அவர் தலையாட்டினார். பிறகு, தயங்கித் தயங்கி, கோணிப்போன அந்த விரல்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.