இரண்டில் முடிந்த சீட்டுக்கட்டு

"இன்னும் தப்பே பண்ணாதவன் வக்கீல் வைக்கலாமா மேடம்?"

வந்தவன் கேட்ட முதல் கேள்வியே இதுதான். துபாய் தேராவில் ஓர் அரபு வழக்கறிஞரின் அலுவலகம். வரவேற்பு மேசையில் இருந்த ஜலஜாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வெளியே புழுதிக் காற்று, உள்ளே ஏசி மக்கர், வக்கீல் ஊரில் இல்லை. அப்படிப்பட்ட வியாழக்கிழமையில் இப்படி ஒரு கேள்வி வந்து விழுந்தால் அவள் சும்மா விடுவாளா? நாகர்கோவில்காரி, சரியான அவசரக்குடுக்கை. பெயரைக்கூடக் கேட்காமல் அவனை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளறையில் கலீலுர் ரஹ்மான் கறுப்புத் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர், அலுவலக மொழிபெயர்ப்பாளர். ஆனால் கட்சிக்காரர்கள் விழுங்கிய பாதிக் கதையை வெளியே எடுப்பதில்தான் அவருக்குப் பெயர். வக்கீலே சிக்கலான விஷயம் என்றால் "பாயைக் கேள்" என்று சொல்லிவிடுவார்.

"உக்காருங்க தம்பி."

அவன் உட்காரவில்லை. பெயர் அருள்முருகன், ஊர் விருதுநகர்ப் பக்கம். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். அதற்கு முன்னால் ஒரு சொகுசுக் கப்பலின் கேசினோவில் மேசை துடைத்தவன். கை துடைத்துக்கொண்டிருந்தாலும் கண் சும்மா இருக்கவில்லை. விழுகிற சீட்டுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தால், அடுத்து வருவது பெரிசா சின்னதா என்று ஒரு மாதிரி சொல்லிவிடலாம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டான்.

"சனிக்கிழமை காட்மாண்டு போறேன் பாய். அங்க கேசினோ இருக்கு. சீட்டு எண்ற ஆளுன்னு தெரிஞ்சா பிடிச்சு உக்கார வச்சிருவாங்களாம். ஒரு வாரம்தான் லீவு. சொன்ன தேதிக்குத் திரும்பலன்னா வேலையும் போச்சு, விசாவும் போச்சு. முன்கூட்டியே ஒரு வக்கீல் இருந்தா நல்லதுதான?"

"மெல்லப் பேசுங்க. இந்த ஊர்ல சூதாட்டப் பேச்சே ஆகாது," என்றார் பாய். "நம்ம வக்கீலோட கோட்டு துபாய் ஏர்போர்ட் வரைக்கும்தான் செல்லும். மனசுக்குள்ள எண்றத பல ஊர்ல குத்தம்னு சொல்றதில்ல, ஆனா வெளிய போன்னு விரட்டுவாங்க. அந்த ஊரு வக்கீல் நம்பர் ஒண்ணு பையில இருந்தா நல்லதுதான். ஆனா நீங்க அதுக்கு வரல."

"அதுக்குத்தான் பாய் வந்தேன்."

"டிக்கெட் போடறதுக்கு முன்னாடி வரவேண்டிய பயம், கிளம்புறப்ப வந்திருக்கு. நடுவுல என்ன நடந்துச்சு?"

அருள்முருகன் தொப்பென்று நாற்காலியில் விழுந்தான். ஜலஜா கதவோரம் நின்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கணக்கு தப்புது பாய். ரெண்டுலருந்து ஆறு வரைக்கும் வந்தா ஒண்ணு கூட்டணும். பத்தும் படச்சீட்டும் ஏஸும் வந்தா ஒண்ணு கழிக்கணும். ஏழு, எட்டு, ஒம்போது வந்தா சும்மா விட்டுரணும். கட்டு முடியறப்ப பூஜ்யத்துல வந்து நிக்கணும். எனக்கு எப்பவும் நிக்கும். ஞாயித்துக்கிழமை ஒண்ணுல நின்னுச்சு. தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன். மறுநாள்லருந்து ரெண்டு. தலைகீழா நின்னாலும் ரெண்டு. அங்க போய் இப்படித் தடுமாறினா மூஞ்சியப் பாத்தே பிடிச்சிருவானுங்க."

"ரெண்டேதானா? ஒரு தடவகூட மூணு, நாலு வரல?"

"ரெண்டேதான்."

பாய் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "கட்டு கையில இருக்கா?"

இருந்தது. பாய் அதை ஜலஜாவிடம் நீட்டி எண்ணச் சொன்னார். அவள் இரண்டு தடவை எண்ணினாள். பிறகு தன் எண்ணிக்கையிலேயே நம்பிக்கையில்லாமல் மூன்றாம் தடவையும் எண்ணினாள்.

"அம்பதுதான் பாய் இருக்கு."

"மனுஷன் தப்புப் பண்ணினா நாளுக்கு ஒரு தினுசாப் பண்ணுவான். ஒரே தப்பு விடாம வந்தா, அது ஆளோட தப்பு இல்ல தம்பி. கட்டோட தப்பு."

அருள்முருகன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். சீட்டின் மதிப்பை எண்ணுகிறவன், சீட்டை எண்ணியதே இல்லை. ஜலஜா மேசையில் இனம் பிரித்துப் பரப்பினாள். ஆட்டினில் பத்து இல்லை, கிளாவரில் பத்து இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

கீழே தெருவில் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது. சுஐபுதான், கம்பெனி வேன் டிரைவர், பார்க்கிங் கிடைக்காமல் சுற்றுகிறார் என்றான் அருள்முருகன். அவனோடு ஒரே அறையில் இருப்பவர். வேனில் இன்னும் இருவர். ஒருவர் சூப்பர்வைசர் விஜயபாஸ்கர். பயணச் செலவு அவருடையது, ஜெயித்தால் பாதிப் பங்கு. வேறு கட்டடத்தில் குடியிருப்பவர், வெள்ளிக்கிழமை மட்டும் அறைக்கு வருவார். இன்னொருவன் அறைத் தோழன் சோலைமுத்து.

"அவன்தான் பாய் எனக்கு எல்லாம். எங்க கம்பெனி எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சிருக்கும். இப்படித் திடீர் லீவுல ஒருத்தன் போகணும்னா இன்னொருத்தன் ஜாமீன் நிக்கணும். போனவன் திரும்பலன்னா நின்னவன் பாஸ்போர்ட் வெளிய வராது. நான் கேட்ட உடனே சரின்னான். தினம் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து சீட்டப் புரட்டிப் போடறதும் அவன்தான். அடுத்த மாசம் அவனே ஊருக்குப் போறான். இங்க வந்தப்புறம் பொறந்த பொண்ணு, இன்னும் மூஞ்சியே பாக்கல."

"அந்த டிரைவர்தான் பாய்," என்றாள் ஜலஜா படபடவென்று. "சூது ஹராம்னு நினைக்கற மனுஷரா இருப்பாரு."

"நினைக்கறவருதான்," என்றான் அருள்முருகன். "போன மாசம் ஒரு சீட்டுக்கட்டையே குப்பையில போட்டுட்டாரு. என் கண் முன்னாடியே."

"அப்ப சூப்பர்வைசரு. பங்குத் தகராறு."

"மூணு பேரையும் மேல வரச் சொல்லுங்க," என்றார் பாய்.

ஜலஜா லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியிலேயே தடதடவென்று இறங்கி ஓடினாள்.

சற்று நேரத்தில் அந்தச் சின்ன அறை நிரம்பிவிட்டது. சுஐபு சன்னலை விட்டு நகரவில்லை, வேனுக்கு அபராதச் சீட்டு ஒட்டிவிடுவார்களே என்ற கவலை. விஜயபாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் சோலைமுத்து, நெட்டையான ஆள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"இந்தக் கட்டுல ரெண்டு பத்து காணோம்," என்றார் பாய். "எடுத்தவர் யாருன்னு சீட்டே சொல்லுது. ஏழோ எட்டோ எடுத்திருந்தா கணக்கு தப்பியிருக்காது. ராஜாவையோ ஏஸையோ எடுத்திருந்தா ரெண்டு நாள்ல தேடியிருப்பாரு. பத்தை யாரும் தேட மாட்டாங்க. கணக்கும் தப்பும், ஆளுக்கும் தெரியாது. அப்ப எடுத்தவருக்கு இந்த முறை அத்துப்படி."

"நான் அந்தச் சனியனத் தொடறதே இல்ல," என்றார் சுஐபு. "தொட்டா மொத்தமாக் குப்பையில போடத்தான் தொடுவேன்."

"தெரியும். எதுத்துச் சொல்லத் துணிஞ்சவருக்கு ஒளிச்சுச் செய்யற வேலை வேண்டாம்."

"எனக்கு முறை தெரியும்," என்றார் விஜயபாஸ்கர் கடுப்போடு. "ஆனா நானே காசப் போட்டுட்டு நானே கெடுப்பனா?"

"மாட்டீங்க. இன்னொண்ணும் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒண்ணுல நின்ன கணக்கு, மறுநாள் ரெண்டாச்சு. ஒரு சீட்டு போதல, இவரு தூக்கக் கலக்கம்னு தள்ளிட்டாருன்னு பக்கத்துல இருந்து கேட்டவர்தான் ரெண்டாவத எடுத்திருக்கணும். வெள்ளிக்கிழமை மட்டும் வர்றவருக்கு அது எப்படித் தெரியும்?"

மிச்சம் ஒரே ஒரு ஆள்தான். "இருக்காது பாய்," என்றாள் ஜலஜா. "அவருதான ஜாமீன் நின்னது? அவ்வளவு பாசமான ஆளு எதுக்கு…"

"ஜாமீன் நின்னதாலதான் ஜலஜாம்மா."

சோலைமுத்து சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தான். ஜலஜாவுக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல மாப்ள," என்றான் அருள்முருகன்.

"எப்படிறா சொல்றது? மெஸ்ல எல்லார் முன்னாடியும் கேட்ட. முகத்த முறிக்க முடியல, சரின்னுட்டேன். அன்னையிலிருந்து தூக்கமே இல்லடா. நீ அங்க மாட்டிக்கிட்டன்னா என் பாஸ்போர்ட் இங்க மாட்டிக்கிரும். எம்புள்ளைக்குப் பேச்சு வந்துருச்சுடா. போன்ல என்னய மாமாங்குது." அவன் மூக்கை உறிஞ்சினான். "கணக்கு தப்புனா நீயே பயந்து போகாம இருந்துருவன்னு நெனச்சேன். நீ என்னடான்னா வக்கீலத் தேடிக் கெளம்பிட்ட."

அருள்முருகனுக்கு முகம் செத்துப் போயிற்று. தன்னைக் காப்பாற்ற ஒரு வக்கீலைத் தேடி ஜெபல் அலியிலிருந்து ஓடி வந்தவன், தனக்காகக் கழுத்தை நீட்டியவனை ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. எழுந்தான். பயணத்துக்காகக் கம்பெனியிலிருந்து வாங்கி வைத்திருந்த தன் பாஸ்போர்ட்டை எடுத்துச் சுஐபுவின் கையில் வைத்தான்.

"வண்டிய எடுங்க சுஐபு பாய். ஆபீஸ் மூடறதுக்குள்ள இதத் திருப்பிக் குடுத்துட்டு, இவன் ஜாமீன் பேப்பரக் கிழிச்சிரணும்."

"டிக்கெட்டு?" என்றார் விஜயபாஸ்கர்.

"மெதுவா அடைச்சிர்றேன் சார்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். சுஐபு பின்னாலேயே ஓடினார். சோலைமுத்து மட்டும் நகரவில்லை.

"மன்னிச்சிருடா," என்றான்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். இங்க பாரு." அருள்முருகன் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். "இப்பக் கேக்கறேன். ஜலஜாக்கா, பாய், எல்லாரும் இருக்காங்க. எனக்காக இன்னொரு தடவ ஜாமீன் நிப்பியா?"

சோலைமுத்து தரையைப் பார்த்தான். பழகிய தலை சரியென்று தானாக ஆடத் தொடங்கியது. சொல்லித் தொலையேன் என்று ஜலஜா கைக்குட்டையை முறுக்கினாள்.

"மாட்டேன்," என்றான் சோலைமுத்து. சொல்லிவிட்டு அருள்முருகனின் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.