மல்லிகைப் பாத்தியில் நகர்ந்தது

மழை விட்ட சாயங்காலத்தில் மல்லிகைப் பாத்தியோரம் உதிர்ந்து கிடந்த மொட்டுகளைப் பொறுக்கக் குனிந்தபோது, அவற்றில் ஒன்று சுபஸ்ரீயின் விரலுக்கு வழிவிட்டு நகர்ந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். காற்றோ என்று பார்த்தாள்; காற்றில்லை. கொள்ளிடத்துப் பக்கமிருந்து வந்த ஈரமும், நனைந்த தென்னம்பாளையின் புளித்த வாடையும், மண்ணுக்கடியிலிருந்து கசிந்த இரும்புத்துரு போன்ற ஒரு மணமும் அந்தச் சின்னத் தோட்டத்தில் அசையாமல் நின்றன. திருவானைக்காவலில் இந்தக் கீழ்வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, இங்கே ஊர்வதையும் பறப்பதையும் படமெடுத்துப் பெயர் கண்டுபிடிப்பது அவள் வழக்கம். மரவட்டை தெரியும், பிள்ளைப்பூச்சி தெரியும், ஓடில்லாத நத்தைகூடத் தெரியும். இது எதுவுமில்லை. வெள்ளையாக, வழவழவென்று, பச்சரிசியைவிடப் பெரிதாக. காலில்லை, கொம்பில்லை.

சரியாகப் பார்க்கவில்லையோ? மறுபடி பார்த்தாள். மறுபடி நகர்ந்தது.

இதன் பெயர் தெரிந்தாக வேண்டும். மகள் தர்ஷினி பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து விளையாடுவது இந்தப் பாத்தியில்தான். நேற்று அவள் சுண்டுவிரலில் பிறைபோல வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன.

“எதுடி கடிச்சுச்சு?”

“கடிக்கலம்மா. முத்தம் குடுத்துச்சு.”

இன்று காய்ச்சல் மாதிரி இருக்கிறதென்று வந்ததும் படுத்துவிட்டாள். விஷப்பூச்சியா, இல்லையா? அது தெரியாமல் சுபஸ்ரீக்குச் சோறு இறங்கவில்லை.

அளவுக்கு ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, பூச்சி பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டாள். விலங்கியல் படிக்கும் பாசில் உடனே குரல்பதிவு அனுப்பினான்.

“நத்தைக் குட்டி மாதிரி இருக்குக்கா. ஆனா சுருளே காணோமே. குச்சியால திருப்பி, அடிப்பக்கம் ஒண்ணு எடுங்க.”

திருப்பினாள். அடியில் குழிவு. குழிவுக்குள் இளஞ்சிவப்பாக ஈரச் சதை. அந்தச் சதை மண்ணைத் தேடித் துழாவியது. படமெடுத்து அனுப்பினாள்.

“கலாய்க்கிறீங்களாக்கா? இது பால்பல்லு. என் தங்கச்சிக்கு இப்பதான் விழுந்துச்சு, அப்படியே இருக்கு.”

“நகருது பாசில்.”

“எறும்பு இழுக்கும்க்கா.” கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.

எறும்பு. இருக்கலாம். மனம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. தர்ஷினிக்கு முதல் பல் விழுந்தபோது, சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிய சுபஸ்ரீ மொட்டைமாடிச் சாவி கேட்டாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சந்திரம்மாள் தரவில்லை. மண்ணும் சரிதான் என்று இந்தப் பாத்தியில் புதைத்தாள். ஆனால் அது ஒரே பல். இப்போது செடியின் தூரைச் சுற்றிப் பார்த்த இடமெல்லாம் வெள்ளை. சில கடைவாய்ப் பற்கள். சில மஞ்சளேறி, பெரியவர்களுடையவை போல.

யார் போட்டது?

நிமிர்ந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவருக்குமேல் சந்திரம்மாளின் தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள்?

“மேலேருந்து ஏதாவது கொட்டுனீங்களாம்மா?”

“நான் என்னத்தக் கொட்டப்போறேன்?”

“பல்லுங்க. இங்க பல்லாக் கெடக்கு.”

“எனக்கு இருக்கறதே நாலு. வேணா வந்து எண்ணிக்க.” வாயைத் திறந்து காட்டினாள். காட்டிய வாய் மூடவில்லை. கண் பாத்திக்குப் போயிருந்தது. “அங்க எதையாச்சும் பொதச்சியா நீ?”

சுபஸ்ரீ பதில் சொல்லுமுன் தலை மறைந்தது. மேலே கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள். இன்னொரு தாழ்ப்பாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. கணவன் சித்தார்த் ஷிப்ட் முடிந்து வர இன்னும் நேரமிருந்தது. தெருவில் ஸ்கூட்டர் ஒன்று கடந்து ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

நற... நற...

தெரிந்த சத்தம். சில நாளாகத் தர்ஷினி தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். வயிற்றில் பூச்சி என்று மருந்துகூடக் கொடுத்தாயிற்று. ஆனால் இது வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை. காலடியில் கேட்டது. மண்ணுக்குள். இங்கொன்று. அங்கொன்று. பாத்தி முழுக்க.

சட்டென்று நின்றது.

வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. நற. நற.

ஓடினாள். போனில் டார்ச்சைப் போட்டாள். தர்ஷினி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, பல்லு மொளச்சிருச்சு.”

பல் விழுந்த இடத்தில் காலையில் வெறும் ஈறு. இப்போது பல். மஞ்சளான, பெரிய பல்.

“வாயத் தெற, தங்கம்.”

திறந்தாள்.

பல் திரும்பியது.

ஈறின்மேல் மெதுவாக ஊர்ந்தது. இடம் பார்த்தது. பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தன. அது அமர்ந்தது. அப்புறமும் அவை நெருக்கிக்கொண்டேயிருந்தன.

இன்னொரு இடைவெளி விழுந்தது.

தர்ஷினியின் மோவாயில், ஈரமாக, வெள்ளையாக, ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.