கோளாறு இல்லாத சனிக்கிழமைகள்

"கம்ப்யூட்டரை நீங்க எதாவது தப்பாத் தொட்டிருப்பீங்க."

வந்ததும் வராததுமாய் இப்படிச் சொன்னால் முத்துராணிக்குக் கோபம் வராதா?

"தொடத் தெரியாமலா நாலு மாசமா பில் போடுதேன்?"

அவன் சிரித்துவிட்டான். மழையில் நனைந்த இமைகள்... அவளால் பார்வையை எடுக்க முடியவில்லை. வழக்கமாகப் பழுது பார்க்க வருபவருக்குக் காய்ச்சலாம். பில் புரோகிராமை எழுதிய குருபிரசாத்தே தச்சநல்லூரிலிருந்து வந்திருந்தான்.

அரை மணியில் சரிசெய்தான். "இனி பிழை வந்தா, நேரத்தோட ஒரு ஃபைல்ல பதிவாயிரும். மறுபடி நின்னா போன் பண்ணுங்க."

போய்விட்டான்.

பேட்டையில் அவள் பில் போடும் பட்டறையின் முன்னறையில் பகலெல்லாம் அவள் ஒருத்திதான். சுவருக்கு அப்பால் லேத் சத்தம். வீட்டுக்குப் போனால், இரவுக் காவலுக்குக் கிளம்பிவிட்ட அப்பா மூடிவைத்த சோறு. பேச ஒரு ஆள் இல்லை... சனிக்கிழமை போனை எடுத்தாள்.

"சார், மறுபடியும் நின்னுட்டு."

மூன்று சனிக்கிழமைகள் வந்தான். ஃபைலைத் திறப்பான், ஏதோ தட்டுவான், அவள் தரும் காப்பியைக் குடித்துவிட்டுப் பைய கிளம்புவான்.

நான்காவது சனிக்கிழமை முதலாளி ஐயம்பெருமாள் அண்ணாச்சியும் வந்து நின்றார். "யாரு தப்புன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். இந்தப் பிள்ளைன்னா, வேற ஆளப் போட்டுக்கிடுதேன்."

ஃபைல் திறந்தது. முத்துராணிக்கு உயிரே போய்விட்டது. பிழை மட்டும்தான் பதிவாகும் என்று நினைத்திருந்தாளே... பிழை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு ஆங்கிலத்தில் அதே வரி: பயன்படுத்துபவரே மூடினார். அண்ணாச்சிக்கு ஆங்கிலம் ஓடாது. அவளுக்கு ஓடியது.

"என் புரோகிராம்லதான் கோளாறு, அண்ணாச்சி," என்றான் குருபிரசாத்.

"இதக் கண்டுபிடிக்க இத்தன வாரமா? நீரு என்னத்தவே படிச்சீரு?"

தலை குனிந்து வாங்கிக்கொண்டான். அண்ணாச்சி உள்ளே போனதும் அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"நான்தான் மூடுனேன். பொய் சொல்லித்தான் கூப்பிட்டேன். இங்கன எங்கூட யாரு பேசுதா... எனக்காக நீங்க ஏன் ஏச்சு வாங்கணும்? இன்னைக்குத்தான உங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

"முதல் சனிக்கிழமையே தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"அந்த ஃபைல்ல எல்லாத்தையும் எழுதுற மாதிரிதான் வச்சிருந்தேன். பிழை மட்டும்னு மாத்த ஒரு நிமிஷம் போதும். மாத்தல." அவன் குரல் தணிந்தது. "வாரம் பூரா உங்க போனுக்குத்தான் காத்துக்கிடப்பேன், ராணி. வந்ததும் அந்த வரி இருக்கான்னுதான் பார்ப்பேன். நெசமாவே கோளாறா இருந்திரக் கூடாதேன்னு... பயமா இருக்கும்."